நாம் நினையாத வழியில் வரும் விடை

நோயுற்றவரின் படுக்கையருகே அமர்ந்து ஜெபிக்கும்போது, விடையைக் கேட்பதோடு, அது எவ்விதம் வரவேண்டும் என்பதையும் நாமே தீர்மானித்துவிடுகிறோம். சீரியாவின் படைத்தலைவனாகிய நாகமானும் அப்படியே எண்ணினான். தீர்க்கதரிசி எலிசா தன்முன் வந்து நின்று, கைகளை அசைத்துக் குணமாக்குவார் என எதிர்பார்த்தான். யோர்தானில் ஏழு முறை மூழ்கும்படி எளிய சொல் வந்தபோது சினந்து திரும்பினான். அவனுடைய ஊழியக்காரர் பொறுமையாய் எடுத்துச் சொல்லியிராவிட்டால், சுகம் பெறாமலே ஊர் சேர்ந்திருப்பான்.

நம் தஞ்சை மண்ணும் இத்தகைய விடைகளைக் கண்டதுண்டு. ஜெர்மானிய அருட்பணியாளர் சுவார்ட்ஸ் ஐயர் 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார்; பின்னாளில் தஞ்சையில் தங்கி ஊழியம் செய்தார். 1780களின் தொடக்கத்தில் ஐதர் அலியின் படையெடுப்பால் காவிரி நாடு பாழாயிற்று. தஞ்சைக் கோட்டைக்குள் மக்கள் பசியால் மடிந்தனர். நாட்டில் நெல் இருந்தும், அதைச் சுமந்துவர மாடுகள் இல்லை. முன்பு கூலி கிடைக்காமல் ஏமாந்த குடியானவர்கள் மாடுகளைத் தர மறுத்தனர். ஐயர் தாமே பொறுப்பேற்று, கூலி தருவதாக வாக்களித்தார். சில நாள்களில் ஏறத்தாழ 1,000 மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் சென்றது. பசித்தவர்களின் வேண்டுதலுக்கு விடை, ஒருவருடைய வாக்கின் நாணயத்திலும் உழவர்களின் மாடுகளிலும் இருந்தது.

1787இல் துளஜா மன்னர் இறக்கும் தறுவாயில், தாம் தத்தெடுத்த சிறுவன் சரபோஜியை ஐயரின் பாதுகாப்பில் ஒப்படைத்தார். ஐயர் அவரைத் தந்தைபோல் காத்து, கல்வி பெறச் செய்தார். 1798 பிப்ரவரி 13 அன்று ஐயர் மறைந்தார். அவ்வாண்டிலேயே சரபோஜி அரியணை ஏறினார். மன்னர் இறுதிவரை தம் முன்னோரின் சமயத்திலேயே நிலைத்திருந்தார். அருட்பணியாளரின் உழைப்பு கனி தரவில்லை என்று சிலர் எண்ணியிருக்கலாம். ஆனால், அம்மன்னர் தன்வந்தரி மகால் அமைத்து மருத்துவத்தை வளர்த்தார். கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்தார். அந்நோயாளிகளின் கண்களை வரைந்த ஓவியங்களும் குறிப்புகளும் சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் உள்ளன. சிவகங்கைப் பூங்காவை அடுத்த தேவாலயத்தில், மரணப்படுக்கையிலுள்ள ஐயரின் கரத்தை மன்னர் பற்றி நிற்கும் பளிங்குச் சிற்பமும் உள்ளது. அதை அமைக்கச் செய்தவரும் அம்மன்னரே.

அன்பார்ந்தவரே, நீங்கள் கேட்ட சுகம் இன்னும் வராதிருக்கலாம். சிலருக்கு அது நாம் விரும்பும் வடிவில் வராமலும் போகலாம்; அத்துயரை நாங்கள் அறிவோம். ஆயினும், வேறு சமயத்தவர் ஒருவர் அளித்த குருதியிலும், இரவு முழுதும் விழித்திருக்கும் செவிலியரின் கரத்திலும், வேளை தவறாமல் உட்கொள்ளும் மருந்திலும் தேவன் செயலாற்றக்கூடும். நாகமானுக்கு வந்ததைப் போன்ற எளிய சொல், இன்று மருத்துவரின் அறிவுரையாகவும் வரலாம். அதைத் தள்ளிவிடாதிருங்கள். உங்கள் வேண்டுதலை அவரிடம் வையுங்கள். அவர் வரும் வழியை அவரே தெரிந்துகொள்ளட்டும்.