கணக்கு எழுதும்போதே நகலும் ஆகட்டும்!



கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிக் கடை வைத்திருக்கும் மளிகை வணிகரின் முதலில் ஒரு பகுதி அலமாரியில் இருக்கிறது. இன்னொரு பகுதி பாக்கிக் கணக்கில் இருக்கிறது. மாதம் முழுவதும் சரக்கு எடுக்கும் தொழிலாளர் குடும்பங்கள் சம்பளம் வந்ததும் கணக்குத் தீர்ப்பது வழக்கம். சரக்கு குறைந்தால் இருப்பைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். கணக்கே போய்விட்டால், போனது எவ்வளவு என்றுகூடத் தெரியாது.

நமக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் பாக்கிப் பட்டியலை எக்செல்லில் வைத்திருந்தார். ஐப்பசி மழை நாளில் மாலை நான்கு மணிக்கு உட்கார்ந்து பதிவு செய்யத் தொடங்கினார். ஏழு மணிக்கு மின்சாரம் போயிற்று. இடையில் ஒருமுறைகூட ‘சேவ்’ செய்யவில்லை. மறுநாள் கல்லாவில் கிடந்த துண்டுச் சீட்டுகளை வைத்து மறுபடி எழுதினார். சீட்டு இல்லாத பாக்கியை வாடிக்கையாளரின் நாணயத்தை நம்பித்தான் வசூலிக்க வேண்டியதாயிற்று.

பில் புத்தகம் எழுதிய காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. அடியில் ஒரு கார்பன் தாள் இருக்கும். எழுதும்போதே நகல் ஆகிவிடும். அதற்கென்று தனி வேலை கிடையாது. சிட்டை தொலைந்தாலும் பேரேடு இருக்கும். கணிப்பொறி வந்த பிறகு அந்தக் கார்பன் தாளை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில், வேலை நடக்கும்போது தானாகப் பதிவாகும் வசதி. எக்செல், வேர்டு இரண்டிலும் ‘ஆட்டோ ரெக்கவர்’ உண்டு. வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது தற்காலிக நகல் எடுக்கும். ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியில் ‘சேவ்’ என்ற இடத்துக்குப் போய் அதை இரண்டு நிமிடமாகக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் திடீரென்று கணிப்பொறி நின்றுபோனால் கைகொடுக்கத்தான் இது ஏற்பட்டது. ‘சேவ் வேண்டாம்’ என்று நாமே தவறாக அழுத்திவிட்டு இதை முழுதாக நம்பக் கூடாது.

அடுத்து ‘ஆட்டோ சேவ்’. மைக்ரோசாப்ட் 365 சந்தா உள்ளவர்கள் கோப்பை ஒன்டிரைவில் வைத்தால் சில விநாடிக்கு ஒருமுறை தானாகப் பதிவாகும். கூகுள் ஷீட்சில் இணைய இணைப்பு இருக்கும்வரை ஒவ்வொரு மாற்றமும் உடனே பதிவாகிவிடும். பழைய வடிவத்துக்குத் திரும்பிப் போகவும் இவற்றில் வழியுண்டு.

டேலி வைத்திருப்பவர்கள், ‘வவுச்சரை ஏற்றதும் பதிவாகிவிடுகிறதே, பிறகென்ன?’ என்று கேட்கலாம். பதிவாவது உண்மைதான். ஆனால் அது அதே கணிப்பொறியில், அதே டிஸ்க்கில் பதிவாகிறது. டிஸ்க் பழுதானால் எல்லாம் சேர்ந்தே போகும். ஆகவே தினமும் கடை கட்டும்முன் ‘பேக்கப்’ எடுத்தே தீர வேண்டும்.

நமது திருவள்ளூர் மாவட்டம் 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையையும் பார்த்த மாவட்டம். கடைக்குள் தண்ணீர் புகுந்தால் கணிப்பொறியும் நனையும், அதன் பக்கத்திலேயே மேசை டிராயரில் கிடக்கும் பென் டிரைவும் நனையும். நகல் வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

சட்டமும் இதையே சொல்கிறது. மின்னணு முறையில் கணக்கு வைத்திருப்பவர்கள் முறையான நகல் வைத்திருக்க வேண்டும் என்றும், விபத்தாலோ இயற்கைக் காரணங்களாலோ ஆவணம் அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்க முடிய வேண்டும் என்றும் 2017ஆம் ஆண்டின் மத்திய ஜி.எஸ்.டி. விதிகளில் 57ஆவது விதி கூறுகிறது. கணக்கு ஆவணங்களை, அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் 36ஆவது பிரிவு. ‘கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது’ என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் கணிப்பொறிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இத்தகைய வைரஸ் வந்தால், கணிப்பொறியில் செருகியபடியே இருக்கும் டிரைவையும் சேர்த்துப் பூட்டிவிடும். தானாக நகலாகும் வசதி, நாம் செய்த தவறையும் சேர்த்தே நகலெடுக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதனால் நேற்றைய நகலின் மேல் இன்றைய நகலை எழுதாமல், நாளுக்கு ஒரு ஃபோல்டர் என்று வாரம் முழுவதற்கும் தனித்தனியாக வையுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை இவ்வளவுதான்:

1. கணிப்பொறிக்கு நல்ல யு.பி.எஸ். போடுங்கள். மின்சாரம் போனாலும் வேலையைச் சேவ் செய்து முறையாக நிறுத்த நேரம் கிடைக்கும்.

2. தானாகப் பதிவாகும் வசதியை இன்றே சரிபாருங்கள்.

3. கணக்கு மொத்தம் மூன்று இடத்தில் இருக்கட்டும்: கணிப்பொறியில் ஒன்று, தனி டிரைவில் ஒன்று, கடைக்கு வெளியே ஒன்று. வெளியே என்றால் வீடாகவும் இருக்கலாம், இணையச் சேமிப்பாகவும் இருக்கலாம்.

4. நகல் எடுத்ததும் டிரைவைக் கழற்றி வையுங்கள்.

5. மாதம் ஒருமுறை நகலைத் திறந்து பாருங்கள். டேலியில் ‘ரெஸ்டோர்’ செய்து பார்ப்பவர்கள் வேறு ஃபோல்டரில் செய்யுங்கள். அதே ஃபோல்டரில் செய்தால் இன்றைய கணக்கின் மேல் பழைய கணக்கு ஏறிவிடும்.

6. இந்தப் பொறுப்பைக் கடையில் ஒருவர் பெயருக்கு ஒப்படையுங்கள். அவர் விடுப்பில் போனால் யார் செய்வது என்பதையும் முடிவு செய்யுங்கள்.

இதற்கு ஆகும் செலவு ஒரு மாத நிலுவையில் மிகச் சிறிய பங்குதான். இரவு கடை கட்டும்போது பூட்டை இழுத்துப் பார்க்காமல் நாம் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. அதோடு கணக்கின் நகலையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவோம்.