அடுத்த நிறுத்தம் எது? வலையமைப்பின் வரைபடம் உருவாகும் விதம்

தரவை வழிநடத்தும் கருவியான ரௌட்டரின் வழித்தட அட்டவணையில் ஒவ்வொரு வரியும் இரண்டு செய்திகளைச் சொல்கிறது: தரவு சேர வேண்டிய இடம், அதற்கான அடுத்த ரௌட்டர். இது மெட்ரோ பயணம் போன்றது: வடசென்னையில் 2021 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்ட மெட்ரோ நீட்டிப்பில், டோல்கேட்டிலிருந்து விம்கோ நகர் செல்ல அடுத்த நிலையம் காலடிப்பேட்டை. தெற்கே செல்லப் புது வண்ணாரப்பேட்டை. ஒவ்வொரு நிலையத்திலும் இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் முழுப் பாதையும் கிடைத்துவிடும்.

1988-இல் வகுக்கப்பட்ட எஸ்.என்.எம்.பி. எனும் வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை, ‘அடுத்தது எது?’ என்ற இந்தக் கேள்வியை ரௌட்டர்களிடம் கேட்க உதவுகிறது. கண்காணிப்புக் கணினி, யு.டி.பி. 161-ஆம் போர்ட் வழியாக ஒரு ரௌட்டரின் அட்டவணையைப் படிக்கிறது. அதில் காணும் அண்டை ரௌட்டர்களிடம் அடுத்துக் கேட்கிறது. ஒரே ரௌட்டருக்குப் பல ஐ.பி. முகவரிகள் இருக்கும். அவற்றை ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் ஒன்றே பலவாகத் தோன்றும். வழித்தட அட்டவணையில் தென்படாத சுவிட்சுகளை அண்டைக் கருவிகளைக் கண்டறியும் எல்.எல்.டி.பி. நெறிமுறையின் தகவல்கள் காட்டும்.

வரைபடம் தயாரானபின் கண்காணிப்பு தொடங்குகிறது. இணைப்பு அறுந்தால் ரௌட்டர் தானாகவே கண்காணிப்புக் கணினியின் 162-ஆம் போர்ட்டுக்கு ‘டிராப்’ எனும் எச்சரிக்கை அனுப்பும். யு.டி.பி.யில் செய்தி தொலைந்துபோகலாம் என்பதால், குறித்த இடைவெளியில் நேரடியாகக் கேட்பதும் அவசியம்.

எஸ்.என்.எம்.பி.யின் முதல் இரு பதிப்புகளில் கடவுச்சொல் போன்ற ‘கம்யூனிட்டி’ சொல் மறையாக்கம் இல்லாமல் செல்கிறது. துறைமுகம், ஆலை, மருத்துவமனை என எங்கும் மூன்றாம் பதிப்பை, படிக்க மட்டுமான அனுமதியுடன் பயன்படுத்துவதே பாதுகாப்பு.