கண்புரை அறுவை சிகிச்சையும் மாக்குலா நிறமி அளவீடும்

விழித்திரையின் நடுவில் உள்ள மஞ்சள் புள்ளியில் (மாக்குலா) படிந்திருக்கும் மஞ்சள் நிறப் பொருள் மாக்குலா நிறமி எனப்படுகிறது. கண்புரை உள்ள முதியவர்களுக்கு இந்நிறமியின் அளவு உண்மையைவிடக் குறைவாகப் பதிவாகக்கூடும். புரையை அகற்றியபின் அதே கண்ணில் அளவு கூடியதுபோலத் தோன்றலாம். இவ்வேறுபாடு பெரும்பாலும் அளவீட்டில் ஏற்படுவதே தவிர நிறமியில் ஏற்படுவதன்று.

நிறமியின் இயல்பு

லூட்டின், சியாசாந்தின், மீசோ-சியாசாந்தின் ஆகிய மூன்று கரோட்டினாய்டுகள் இந்நிறமியில் உள்ளன. முதல் இரண்டையும் மனித உடலால் உருவாக்க இயலாது. கீரைகள், மக்காச்சோளம், முட்டையின் மஞ்சள் கரு போன்ற உணவுகளிலிருந்தே அவை கிடைக்கின்றன. மீசோ-சியாசாந்தின் பெரும்பாலும் லூட்டினிலிருந்து கண்ணிலேயே உண்டாகிறது. நிறமி ஏறத்தாழ 460 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை மிகுதியாக உறிஞ்சி, விழித்திரையின் ஒளியுணர் செல்களைக் காக்க உதவுகிறது. முதுமையில் வரும் மஞ்சள் புள்ளிச் சிதைவு பற்றிய ஆய்வுகளில் இதனை அளப்பதற்குக் காரணம் இதுவே.

அளவிடும் முறைகள்

நிறமியின் அளவு ‘ஒளியியல் அடர்த்தி’ எனக் குறிக்கப்படுகிறது. இது மடக்கை அளவு. இதற்கு அலகு இல்லை. அடர்த்தி 0.3 எனில் நீல ஒளியில் ஏறக்குறைய பாதி கடந்து செல்கிறது. 1 எனில் பத்தில் ஒரு பங்கே கடக்கிறது.

* மினுக்கல் முறை: நீலமும் பச்சையும் மாறி மாறி மின்னும் ஒளியைப் பார்த்து, மினுக்கம் அடங்கும் நிலையை நோயாளியே தெரிவிப்பார்.
* தன்னொளிர்வு முறை: விழித்திரையின் பின்புறமுள்ள லிப்போஃபுசின் உமிழும் ஒளியைப் படமெடுத்து, ஓரத்தைவிட மையம் எவ்வளவு இருண்டிருக்கிறது எனக் கணக்கிடப்படும்.
* இராமன் முறை: லேசர் ஒளியைச் செலுத்தி, நிறமியிலிருந்து திரும்பி வரும் ஒளியின் வலிமை அளக்கப்படும்.

கண்புரை குறுக்கிடும் விதம்

வயது ஏற ஏற விழிவில்லை மஞ்சளாகி நீல ஒளியை உறிஞ்சுகிறது. புரை முற்றும்போது ஒளியைச் சிதறவும் செய்கிறது. இவ்விரண்டின் விளைவும் ஒன்றல்ல. ஒரு கணக்கால் இதனை விளக்கலாம்.

படத்தில் ஓரத்தின் வெளிச்சம் 100, மையத்தின் வெளிச்சம் 50 எனக் கொள்வோம். அடர்த்தி 0.30 ஆகும். வில்லை பாதி ஒளியை உறிஞ்சினால் அவை 50, 25 ஆகும். விகிதம் மாறாததால் அடர்த்தி அப்போதும் 0.30 தான். ஆனால் சிதறிய ஒளி இரண்டிடத்திலும் 20 கூடினால் அவை 70, 45 ஆகின்றன, அடர்த்தி 0.19 ஆகச் சரிகிறது. நிறமி சிறிதும் குறையாமலேயே அளவு குறைந்துவிட்டது.

ஒளியின் வலிமையையே நம்பும் இராமன் முறையில் உறிஞ்சலும் அளவைக் குறைக்கும். மினுக்கல் முறை விகிதத்தை அடிப்படையாகக் கொண்டதால் பாதிப்பு குறைவு. எனினும் புரை முற்றியவருக்கு மினுக்கத்தைப் பிரித்தறிவதே கடினமாகலாம்.

அறுவை சிகிச்சைக்குப் பின்

புரையை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்தியதும் சிதறல் பெரிதும் குறைகிறது. உணவாலோ மாத்திரையாலோ நிறமி கூடுவதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். ஆகவே சில நாட்களில் காணப்படும் ஏற்றம், தெளிவான வில்லை வழியே அளந்ததன் விளைவு என்றே கொள்ளத்தக்கது. பொருத்தப்படும் வில்லையும் கவனிக்கத்தக்கது. நிறமற்ற வில்லை நீல ஒளியை மிகுதியாக உள்ளே விடும். மஞ்சள் சாயமுள்ள வில்லை அதில் ஒரு பகுதியைத் தடுக்கும்.

கவனிக்க வேண்டியவை

சிகிச்சைக்கு முன்னர் எடுத்த அளவையும் பின்னர் எடுத்த அளவையும் நேரடியாக ஒப்பிட்டு, “மாத்திரை வேலை செய்தது” என்றோ “நிறமி குறைந்துவிட்டது” என்றோ முடிவு செய்வது தவறாகும். கண் ஆறியபின் எடுக்கும் அளவைப் புதிய தொடக்கமாகக் கொண்டு, பின்னர் அதே கருவியால் அளப்பதே முறை.

மாத்திரை சிகிச்சைக்கு மாற்றாகாது. அமெரிக்காவில் நடந்து 2013-இல் வெளியான ஏரெட்ஸ் 2 ஆய்வில் நாள்தோறும் 10 மில்லிகிராம் லூட்டினும் 2 மில்லிகிராம் சியாசாந்தினும் தரப்பட்டன. ஒட்டுமொத்தமாகப் பார்க்கையில், கண்புரை அறுவை சிகிச்சைக்கான தேவை அதனால் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை.