‘நைஸ்’ படும் பாடு

சாப்பாடு நைஸ், படம் நைஸ், ஆளும் நைஸ் என்கிறோம். இன்று இந்த ஆங்கிலச் சொல் ஒரு பாராட்டு. ஆனால், 1300ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தபோது, ஒருவரை ‘நைஸ்’ என்றால் மூடன் என்றே பொருள். ‘அறியாத’ எனப் பொருள்படும் ‘நெஸ்கியுஸ்’ என்ற லத்தீன் சொல்லே இதன் மூலம்.

பின்னர், எளிதில் திருப்திப்படாத, நுணுக்கம் பார்க்கிற என்றெல்லாம் பொருள் மாறியது. ‘இனிய’ என்ற பொருள் பரவியது 18ஆம் நூற்றாண்டில்தான். ஜேன் ஒஸ்ரின் இதை நன்றாகவே பகிடி பண்ணியிருக்கிறார். அவர் மறைந்தபின் 1817 டிசம்பரில் வெளிவந்த ‘நோதாங்கர் அபி’யில், கதாநாயகி ஒரு நாவலை மிக ‘நைஸ்’ என்று புகழ்கிறாள். ஹென்றி டில்னியோ, அவள் புத்தகக் கட்டின் நேர்த்தியைச் சொல்வதாகப் பாவனை செய்து கேலி பேசுகிறான்.

பழைய பொருள் முற்றாக மறையவில்லை. ‘நைஸ் டிஸ்ரிங்ஷன்’ என்பது நல்ல வேறுபாடு அன்று, நுண்ணிய வேறுபாடு. மொழிபெயர்ப்போர் இடறக்கூடிய இடம் இது. இங்கே ‘சட்டில்’ ஒத்த சொல்லாகும். உணவுக்கு ‘டெலிஷஸ்’, மனிதருக்கு ‘கைண்ட்’, காலநிலைக்குப் ‘பிளெசன்ட்’ என்று சொற்கள் இருக்க, எல்லாவற்றுக்கும் ‘நைஸ்’ போதும் என்பது, என் எண்ணத்தில், வெறும் சோம்பல்.

நமது பேச்சுத் தமிழிலும் இச்சொல் புகுந்துவிட்டது. ‘உழுந்தை நைஸாக அரை’ என்னும்போது அந்தப் பழைய நுண்மை தெரிகிறது. ‘ஆள் நைஸாக நழுவிவிட்டான்’ என்பதோ ஆங்கிலேயருக்கே புரியாது!