முப்பது ரூபாய்க்கு எத்தனை கிராம்?

இந்தியக் கிராமத்தில் ஓர் ஆளுக்கு ஒரு மாதச் செலவு 4,122 ரூபாய். மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2023-24இல் எடுத்த குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு சொல்லும் சராசரி இது. இதில் அரிசி, கோதுமை முதலான தானியங்களுக்குப் போவது 4.99 சதவீதம். பானங்கள், நொறுக்குத்தீனி, பதப்படுத்திய உணவு என்ற இனத்துக்குப் போவது 9.84 சதவீதம். ரூபாயாக்கினால் தானியத்துக்கு 206, மற்றதற்கு 406. சோற்றுக்குச் செலவழிப்பதைப் போல இரண்டு மடங்கை டீக்கடையிலும் பாக்கெட்டிலும் பரோட்டாவிலும் விடுகிறோம். தமிழ்நாட்டில் ரேஷன் அரிசிக்குக் காசில்லை. ஆகவே இங்கே இந்த இடைவெளி இன்னும் கூடுதல்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கம் போனால் இரண்டு புறமும் கரிசல், பெரும்பாலும் மானாவாரி. ஐப்பசி மழையை நம்பி விதைக்கிற பூமி. கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு, பருத்தி, மல்லி என்று விளைந்த நிலத்தில் இன்று மக்காச்சோளம் நிறைய ஏறிவிட்டது. அது கோழித் தீவனத்துக்கு லாரி ஏறிப் போகிறது. ஊருக்குள் அண்ணாச்சி கடை வாசலில் 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட்டுச் சரங்கள் தொங்குகின்றன. கம்பு கேட்டால் உள்ளே போய்த் தேடிப் பார்க்க வேண்டும்.

அந்தச் சரத்திலிருந்தே கணக்கைத் தொடங்கலாம். 10 ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டில் 20 கிராம் இருந்தால் கிலோ 500 ரூபாய். 5 ரூபாய் பிஸ்கட் 50 கிராம் என்றால் கிலோ 100. எடையை உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். விலையை ஏற்றாமல் எடையைக் குறைப்பது கம்பெனிகளின் பழைய வித்தை. 2025-26 காரீப் பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை: கம்பு குவிண்டால் 2,775, மக்காச்சோளம் 2,400, உளுந்து 7,800, தோட்டோடு நிலக்கடலை 7,263. அதாவது விளைவிக்கிற சம்சாரிக்குக் கம்பில் கிலோவுக்கு 27 ரூபாய் 75 காசு. அதே சம்சாரி வீட்டுப் பிள்ளை தின்னும் சிப்ஸ் அதைப்போல 18 மடங்கு.

ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஒரு பிஸ்கட், ஒரு சிப்ஸ். நாளுக்கு 30 ரூபாய், மாதம் 900. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26இல் அறிவித்த கூலி 336 ரூபாய். ஆக, மாதத்தில் ஏறத்தாழ மூன்று நாள் கூலி. 900 ரூபாய்க்கு வீட்டுக்குள் வந்து சேர்வது 3 கிலோ பிஸ்கட்டும் 1.2 கிலோ சிப்ஸும். இரண்டையும் நூற்றுக்கு 7 கிராம் புரதம் என்று தாராளமாகவே வைத்தாலும் மொத்தம் 300 கிராமைத் தொடாது.

இதே 900 ரூபாயைப் பலசரக்குச் சீட்டாக எழுதிப் பார்த்தேன். விலை கடைக்குக் கடை மாறும்; கணக்குக்காக முழு எண்ணாக எடுத்திருக்கிறேன். கடலைப்பருப்பு அல்ல, நிலக்கடலைப் பருப்பு 2 கிலோ, கிலோ 140 வீதம் 280. காணம் (கொள்ளு) 2 கிலோ, 80 வீதம் 160. கம்பு 4 கிலோ, 45 வீதம் 180. முட்டை 30, ஆறு ரூபாய் வீதம் 180. மீதி 100 ரூபாய்க்கு வாழைப்பழமோ கொய்யாவோ. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையில் 100 கிராமுக்குப் புரதம் நிலக்கடலையில் 23.65, காணத்தில் 21.73, கம்பில் 10.96 கிராம். பெருக்கிக் கூட்டினால் 1,346 கிராம். முட்டையையும் சேர்த்தால் 1,500ஐத் தாண்டும். ஒரே காசுக்கு ஐந்து மடங்கு. நார்ச்சத்தைத் தனியாகப் பார்த்தால் கம்பில் 11.5 கிராம், மைதாவில் 2.76.

விலை இவ்வளவு சாதகமாக இருந்தும் வீடுகள் ஏன் பாக்கெட் பக்கம் சாய்ந்தன? நாக்கு ருசி மட்டும் காரணமில்லை. கம்பைச் சோறாக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் தெளித்துப் பிசிறி, உரலில் குத்தி, புடைத்துத் தவிட்டை நீக்க வேண்டும். மறுபடி இடித்துச் சலித்து, நொய் வேறு, மாவு வேறாக்க வேண்டும். உலையில் முதலில் நொய் வெந்து, அப்புறம் மாவைக் கரைத்து ஊற்றிக் கட்டிதட்டாமல் கிண்டி இறக்க வேண்டும். இந்த வேலைக்கு எந்த அட்டவணையிலும் கூலி போட்டதில்லை. செய்தவர்கள் பெண்கள் என்பதால் போடவில்லை என்றே நினைக்கிறேன். மில்லில் அரைத்து வைக்கலாமே என்றால், கம்பில் கொழுப்பு 5 சதவீதத்துக்கு மேல். மாவு சில நாளிலேயே காறலெடுத்துக் கசக்கும். பிஸ்கட் ஆறு மாதம் கெடாது. கெடுகிற எண்ணெயுள்ள முளைப் பகுதியும் தவிடும் நீங்கிய மாவில் செய்தது அதற்கு ஒரு காரணம். கடைக்காரருக்கு அந்த ஆறு மாதம் லாபம். சத்து போனது வாங்குபவருக்கு.

பாக்கெட்டால் உடம்புக்கு ஆகும் செலவை அளந்த ஆய்வும் உண்டு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2019இல் வெளியிட்டது. 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் செய்த தீவிரப் பதப்படுத்தல் உணவு, இரண்டு வாரம் சமைத்த இயல்பான உணவு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம், வேண்டுமட்டும் சாப்பிடலாம். ஆலை உணவு உண்டபோது நாளுக்குச் சுமார் 508 கலோரி கூடுதலாக உள்ளே போனது, எடை 0.9 கிலோ ஏறியது. மற்றதில் அதே 0.9 கிலோ இறங்கியது. பொருட்செலவு மட்டும் அங்கே தலைகீழ்: வாரத்துக்கு ஆலை உணவு 106 டாலர், இயல்பான உணவு 151 டாலர். அமெரிக்க ஏழைக்கு நல்ல உணவு எட்டாததற்கு அது ஒரு காரணம். கரிசல்காட்டுக்காரருக்கு, தானியம் பயறு அளவிலாவது, அந்தச் சாக்கு இல்லை.

"அளவிலாவது" என்று இழுப்பதற்குக் காரணம் காய்கறி. 2024இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் ஓர் ஆளுக்கு நாளுக்கு 400 கிராம் காய்கறி, கீரை, 100 கிராம் பழம் என்கிறது. நாலு பேர் வீட்டுக்கு மாதம் 48 கிலோ காய், 12 கிலோ பழம். காய் 40, பழம் 60 என்று வைத்தால் 2,640 ரூபாய். கிராமத்துச் சராசரிக் குடும்பம் இன்று காய்கறிக்கு மட்டும் போடுவது ஆயிரத்தை ஒட்டித்தான். மானாவாரிப் பூமியில் இந்தத் தட்டை முழுக்க நிரப்பச் சொல்வது எளிது, நிரப்புவது எளிதல்ல. கொல்லையில் ஒரு முருங்கை நின்றால் கொஞ்சம் ஈடுகட்டலாம். 100 கிராம் இலையில் 314 மில்லிகிராம் கால்சியம். மழைக்குப் பின் புஞ்சையில் தானாக முளைக்கும் பண்ணைக்கீரைக்கும் தொய்யக்கீரைக்கும் காசில்லை. களைக்கொல்லி அடித்தால் அதுவும் இல்லை.

இன்னொன்று, அரிசியைத் தள்ளிவிட்டுக் கம்பஞ்சோற்றை அதே அளவு குவித்துச் சாப்பிட்டால் சர்க்கரை நோய் ஓடிவிடும் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. 2025இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு வெளியிட்ட முடிவின்படி, நம் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ மாற்றியதால் மட்டும் ஆபத்து குறையவில்லை. மொத்தக் கலோரியில் 5 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து பயறு, பால் போன்றவற்றின் புரதத்துக்கு மாற்றினால்தான் குறைகிறது. தமிழ்நாட்டில் 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை. அதே கணக்கெடுப்பில் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை என்பதற்கு இந்த இரண்டு எண்ணும் போதும். ஆகவே மேலே எழுதிய சீட்டில் கம்பைவிட முக்கியம் காணமும் கடலையும் முட்டையும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தட்டை மாற்றும்போது மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றட்டும்.

சாத்தூர் காராச்சேவையும் விருதுநகர் எண்ணெய் பரோட்டாவையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. எப்போதாவது ஆசைக்குத் தின்பதற்குக் கணக்குப் பார்ப்பது அற்பம். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயில் கடலையும் வெல்லமும்தான் பெரும்பங்கு. பிள்ளை கேட்டால் அதை வாங்கித் தரலாம். தினசரி 30 ரூபாய்தான் என் வழக்கு. "சிறுதானிய பிஸ்கட்" என்று புதிதாக வருவதை வாங்கும்முன் மூலப்பொருள் வரிசையில் முதல் பெயரைப் படியுங்கள். அளவில் அதிகமானதே முதலில் வரும். அது மைதாவாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

அரசுக்கும் ஒரு கணக்கு உண்டு. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. அதேபோல அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களில் உள்ளூர்க் கம்பை ஆதரவு விலைக்கு வாங்கிக் கார்டுக்கு 2 கிலோ தர வேண்டும். 2025-26 ஆதரவு விலைப்படி கொள்முதல் விலை கார்டுக்கு மாதம் 55 ரூபாய் 50 காசு. தவிடு நீக்கும் எந்திரம் ஒன்றைக் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் நிறுத்தினால் உரல் வேலையும் மிச்சம்.