பாட்டி சொல்லட்டும், நாம கேட்போம்



கணக்கெடுக்க வருபவர் "என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டால் நம்மில் பலர் "ஒண்ணுமில்லீங்க" என்போம். அந்தக் கட்டம் அதோடு முடிந்துவிடும். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலத்தை அறிந்த ஆம்பூர் பாட்டிக்கும் இதே பதில்தான். குரோம் வந்த பிறகு கிணத்துத் தண்ணி எப்படி மாறிச்சு, வீட்டில் உருதும் தெருவில் தமிழும் பேசி எப்படி வளர்ந்தாங்க என்பதெல்லாம் எந்தப் படிவத்திலும் ஏறாது.

இதற்குத்தான் வாழ்க்கைக் கதையைக் கேட்டு ஆராயும் முறை. புதுச்சேரி அருகே கூலி வேலையும் பிரசவமும் பார்த்த வீரம்மா, ஜோசியான் ராசின் என்பவரிடம் பல ஆண்டுகள் தன் கதையைச் சொன்னார். அது 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் புத்தகமானது.

நாமும் செய்யலாம். "ஷூ கம்பெனிக்குப் போன முதல் நாளைச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் போதும். குறுக்கே பேசாதீங்க. அம்மா ஒன்று சொல்வார், மகள் வேறு சொல்வாள். இரண்டையும் எழுதுங்க. அம்மா டேனரிக்குப் போறதைப் பள்ளியில் மறைக்கிற பிள்ளைகள் உண்டே, அது ஏன் என்பதும் அப்போதுதான் வெளியே வரும்.

எழுதியதைப் படித்துக் காட்டுங்க. "இதை எடுத்துடும்மா" என்றால் எடுத்துவிட வேண்டும். கதை அவங்களுடையது.