சிரிக்க வைத்தவர் மறைத்து வைத்த நடுக்கம்

1990ஆம் ஆண்டின் இறுதிப் பகுதி. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கெய்ன்ஸ்வில் எனும் ஊர். திரைப்படப் படப்பிடிப்புக்காக அங்கு வந்து தங்கியிருந்த இளம் நடிகர் ஒருவர் காலையில் கண் விழித்தார். அவருடைய இடக்கையின் சுண்டுவிரல் தானாகத் துடித்துக் கொண்டிருந்தது. பிடித்துப் பார்த்தார், நீவிப் பார்த்தார். விட்டவுடன் மீண்டும் துடித்தது. புகழும் செல்வமும் வீடு தேடி வந்து கொண்டிருந்த நேரம் அது. அந்தச் சின்னஞ்சிறு விரல் தம் வாழ்க்கையையே திசை திருப்பப் போகிறது என்பதை அவர் அன்று அறிந்திருக்கவில்லை.

அவர்தாம் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ். தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களால் கோடிக்கணக்கான குடும்பங்களைச் சிரிக்க வைத்தவர். அந்தத் துடிப்பின் காரணம் தெரிந்த பின்னரும் ஏழாண்டுகள் அதை உலகத்தின் கண்ணிலிருந்து மறைத்து வைத்தவர். மறைத்த காலத்தில் அவர் பட்ட பாட்டையும், வெளியிட்ட பின் அவர் செய்த பணியையும் ஒப்பிட்டுப் பார்த்தால் நம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதில் ஒரு படிப்பினை உண்டு.

சோபாவை விற்றுச் சாப்பிட்டவர்

1961 ஜூன் 9ஆம் நாள் கனடாவின் எட்மன்டன் நகரில் பிறந்தவர் ஃபாக்ஸ். தந்தை கனடா இராணுவத்தில் பணியாற்றியவர் என்பதால் குடும்பம் ஊர் விட்டு ஊர் மாறிக் கொண்டே இருந்தது. பின்னர் வான்கூவர் நகரை அடுத்த பர்னபியில் நிலைகொண்டது. உருவத்தில் குட்டையானவர், வயதுக்கு இளையவராகத் தெரிபவர். சிறுவர் வேடங்களுக்கு அதுவே அவருக்குக் கைகொடுத்தது. பதின்ம வயதிலேயே கனடாத் தொலைக்காட்சியில் தோன்றினார்.

பள்ளிப் படிப்பை முடிக்காமலே 18 வயதில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் புறப்பட்டார். நடிகர் சங்கத்தில் மைக்கேல் ஃபாக்ஸ் என்ற பெயர் ஏற்கெனவே பதிவாகியிருந்தது. ஆகவே பெயருக்கு நடுவே 'ஜே' என்ற எழுத்தைச் சேர்த்துக் கொண்டார். தொடக்கத்தில் சிறு சிறு வேடங்கள் கிடைத்தன. பிறகு அவையும் வறண்டு போயின. கடன் ஏறியது. வீட்டுத் தொலைபேசி துண்டிக்கப்பட்டது. பல பகுதிகளாகப் பிரிக்கக் கூடிய தம் சோபாவை ஒவ்வொரு பகுதியாக விற்று வயிற்றைக் கழுவினார். வேலை பற்றிய செய்திகளைப் பேச, தெருவோர உணவகத்தின் அருகிலிருந்த பொதுத் தொலைபேசியே அவருக்குத் துணை.

அந்த நிலையில் வந்த வாய்ப்புதான் 'ஃபேமிலி டைஸ்'. கேரி டேவிட் கோல்ட்பர்க் உருவாக்கிய இத்தொடர் 1982 முதல் 1989 வரை ஏழு பருவங்கள் ஒளிபரப்பாயிற்று. 1960களில் போர் எதிர்ப்பும் புரட்சியும் பேசி வளர்ந்த பெற்றோருக்கு, கழுத்துப்பட்டை அணிந்து பணம் பண்ணுவதையே இலட்சியமாகக் கொண்ட மகன்! இந்த முரண்பாடே நகைச்சுவையின் ஊற்று. பெற்றோரை மையமாக வைத்தே தொடர் திட்டமிடப்பட்டிருந்தது. ஆனால் மகன் அலெக்ஸாக வந்த ஃபாக்ஸ் பேசும் ஒவ்வொரு வரிக்கும் பார்வையாளர்கள் வாய்விட்டுச் சிரிக்க, அவரே தொடரின் நாயகரானார். 1985ஐத் தொடர்ந்த இரு பருவங்களில் அமெரிக்காவில் மிகுதியாகப் பார்க்கப்பட்ட தொடர்களுள் இரண்டாம் இடம் இதற்குக் கிடைத்தது. சிறந்த நடிகருக்கான எம்மி விருதை 1986, 1987, 1988 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பெற்றார்.

1985இன் தொடக்கத்தில் அவர் உழைத்த உழைப்பு வியப்புக்குரியது. பகலெல்லாம் தொடருக்கான ஒத்திகை. மாலையில் அங்கிருந்து காரில் ஏற்றிச் செல்லப்பட்டு நள்ளிரவு கடந்தும் 'பேக் டு தி ஃபியூச்சர்' படப்பிடிப்பு. சில மணி நேரத் தூக்கம். மறுநாள் மீண்டும் ஒத்திகை. அவ்வாண்டின் மாபெரும் வெற்றிப் படமாக அது அமைந்தது. தொடரில் தமக்குத் தோழியாக நடித்த டிரேசி போலனை 1988இல் மணந்தார். நான்கு பிள்ளைகளைப் பெற்ற அந்த இல்லறம் இன்றளவும் நிலைத்திருக்கிறது.

ஏழாண்டு ஒளிவுமறைவு

சுண்டுவிரல் துடித்த மறு ஆண்டு, 1991இல், மருத்துவர்கள் உண்மையைக் கண்டறிந்தனர். அவருக்கு வந்திருப்பது பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதம். 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் விரிவாக எழுதி வைத்ததால் அந்நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. மூளையில் டோப்பமின் என்னும் பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் சிறிது சிறிதாக மடிவதே இதன் அடிப்படை. உடலின் அசைவைச் சீராக்குவது அந்தப் பொருளே. அது குறையக் குறையக் கை நடுங்கும், தசைகள் விறைக்கும், நடை தளரும், முகம் உணர்ச்சியற்றுப் போகும். பெரும்பாலும் முதுமையில் வரும் இந்நோய் முப்பது வயதை ஒட்டிய ஒருவருக்கு வந்தது மிக அரிது. இன்னும் பத்தாண்டுகள் நன்றாக வேலை செய்யலாம் என்பதே மருத்துவர் கொடுத்த நம்பிக்கை.

அவர் நம்ப மறுத்தார். வெளியே சொல்ல அஞ்சினார். நோயாளி என்று தெரிந்தால் யார் வேடம் தருவார்கள்? பரிதாபத்துக்குரிய ஒருவரைப் பார்த்து யார் சிரிப்பார்கள்? இந்த அச்சத்தை மறக்க மதுவை நாடினார். குடும்பம் குலையும் நிலை ஏற்பட்டது. மனைவியின் முகத்தில் கோபத்தைக் கூட அல்ல, சலிப்பைக் கண்ட ஒரு காலையில் விழித்துக் கொண்டார். 1992இல் மதுவை விட்டொழித்தார். அதன் பின்பே நோயை நேருக்கு நேர் பார்க்கும் துணிவு அவருக்குப் பிறந்தது.

ஆயினும் ஊருக்குச் சொல்லவில்லை. 1996இல் 'ஸ்பின் சிட்டி' என்ற புதிய நகைச்சுவைத் தொடரில் நியூயார்க் நகரத் துணை மேயராக நடிக்கத் தொடங்கினார். இத்தகைய தொடர்கள் அரங்கில் அமர்ந்திருக்கும் பார்வையாளர்களின் முன்னிலையிலேயே படமாக்கப்படுபவை. சிரிப்பு உடனுக்குடன் எழ வேண்டும். வசனம் அரை நொடி பிந்தினாலும் சுவை கெடும். காலம் தவறாமையே உயிரான கலை அது. காலத்தைத் தவற வைப்பதே வேலையான நோய் இது!

மாத்திரை வேலை செய்யும் சில மணி நேரத்துக்குள் காட்சியை முடிக்க வேண்டும். அது பலிக்கத் தாமதமானால் அறைக்குள் அவர் காத்திருக்க, வெளியே பார்வையாளர்கள் காரணம் அறியாமல் காத்திருப்பார்கள். காட்சிகளில் இடக்கையில் பேனாவோ கோப்போ தொலைபேசியோ எப்போதும் இருக்கும். அது துணை மேயரின் சுறுசுறுப்பு என்றே மக்கள் எண்ணினர். நடுக்கத்தை மறைக்கும் தந்திரம் என்பதை அறியவில்லை. 1998 மார்ச்சில் மூளையில் அறுவைச் சிகிச்சையும் நடந்தது. நோயோடு போராடுவது ஒரு சுமை. அதை மறைக்கப் போராடுவது அதனினும் பெரிய சுமையாயிற்று.

வாய் திறந்த பின்

1998 நவம்பரில் 'பீப்பிள்' வார இதழ் வாயிலாக உண்மையை வெளியிட்டார். அஞ்சியது எதுவும் நடக்கவில்லை. மக்கள் சிரிப்பதை நிறுத்தவும் இல்லை. வேலை பறிபோகவும் இல்லை. அதே தொடரில் மேலும் ஈராண்டு நடித்து, நூறாவது நிகழ்ச்சியோடு 2000இல் தாமாகவே விலகினார். அவ்வாண்டின் எம்மி விருதும் அவரைத் தேடி வந்தது. அதைவிடப் பெரிய ஊதியம் வேறொன்று. அவரைப் போலவே மறைத்து வாழ்ந்த எண்ணற்றோரிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. தாம் தனி மனிதர் அல்லர் என்பதை அன்றுதான் உணர்ந்தார்.

1999இல் அமெரிக்கச் செனட் குழுவின் முன் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டுச் சாட்சியம் அளிக்கச் சென்றபோது, வேண்டுமென்றே மாத்திரை உண்ணாமல் சென்றார். எந்த நடுக்கத்தை ஏழாண்டுகள் ஒளித்தாரோ, அதையே நாடறியக் காட்டினார். 2002இல் மீண்டும் செனட் குழுவின் முன் தோன்றினார். இம்முறை உடன் வந்தவர் குத்துச் சண்டை மாவீரர் மர்ஹூம் முஹம்மது அலீ அவர்கள். 1984இல் நோய் கண்டறியப்பட்ட அலீ அவர்கள், 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் விழாவில் நடுங்கும் கையாலேயே தீபம் ஏற்றிய காட்சியை உலகம் மறக்கவில்லை. இறைவன் தந்த சோதனையாக நோயை ஏற்றுக் கொண்டு, 2016இல் மறையும் வரை அதைக் குறித்து நாணாமல் வாழ்ந்தவர் அவர். உலகையே அதிர வைத்த கையும் உலகையே சிரிக்க வைத்த கையும் ஒரே மேசையின் முன் நடுங்கிய அந்தக் காட்சி ஆயிரம் சொற்பொழிவுகளுக்கு நிகர்.

பழிச்சொல்லும் வராமல் இல்லை. 2006இல் ஒரு தேர்தல் விளம்பரத்தில் அவர் உடல் நெளிந்து ஆடியதைப் பார்த்த வானொலிப் பேச்சாளர் ஒருவர், இது நடிப்பு என்று ஏளனம் செய்தார். உண்மை என்ன? நடுக்கமும் விறைப்பும் நோயால் வருபவை. அந்த நெளிவோ பல ஆண்டுகள் உண்ட மருந்தின் பக்கவிளைவாக வருவது. பொறுமையாக அதை விளக்கினார் ஃபாக்ஸ். அந்த ஏளனமே நோயைப் பற்றிய அறிவைப் பலருக்குக் கொண்டு சேர்த்தது.

2000இல் அவர் தொடங்கிய ஆராய்ச்சி அறக்கட்டளை இதுவரை 200 கோடி டாலருக்கும் மேல் நிதி வழங்கியுள்ளது. அதன் ஆதரவில் நடந்த ஆய்வு 2023இல் ஒரு முக்கியமான முடிவைத் தந்தது. நடுக்குவாதத்துக்குரிய பிறழ்ந்த புரதத்தைத் தண்டுவட நீரில் கண்டறியும் சோதனை உறுதி செய்யப்பட்டது. நோயை முன்கூட்டியே அறிவதற்கு இது வழி திறந்திருக்கிறது. முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை.

அவருடைய சோதனைகளும் ஓயவில்லை. 2018இல் தண்டுவடக் கட்டிக்கு அறுவைச் சிகிச்சை. அதே ஆண்டில் தவறி விழுந்து கை முறிவு. வசனங்களை நினைவில் நிறுத்துவது கடினமானதால் 2020இல் நடிப்பிலிருந்து ஓய்வை அறிவித்தார். 2022இல் மனிதநேயப் பணிக்கான ஆஸ்கர் விருதும், 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிக உயர்ந்த குடிமக்கள் விருதான அதிபரின் சுதந்திரப் பதக்கமும் அவருக்கு வழங்கப்பட்டன. 2002இல் அவர் எழுதிய தன்வரலாற்றின் தலைப்போ 'நற்பேறு பெற்ற மனிதன்' என்னும் பொருள் தருவது!

நம் இல்லங்களில்

வாசக அன்பர்களே! நம் வீடுகளிலும் இந்த ஒளிவுமறைவு இல்லாமலா இருக்கிறது? பெண்ணுக்கு வரும் சம்பந்தம் தட்டிப் போகும் என்று அவளது வலிப்பு நோயை மறைக்கிறோம். முதலாளி அறிந்தால் வேலை போகும் என்று மகனின் மனச்சோர்வை மூடி வைக்கிறோம். தகப்பனாரின் கைநடுக்கத்தை வயதின் கோளாறு என்று தள்ளிவிடுகிறோம். விருந்தில் தேநீர்க் கோப்பையைத் தூக்க அவர் தயங்குவதைக் கண்டும் காணாதது போல் இருந்து விடுகிறோம். மறைத்த காலமெல்லாம் மருத்துவம் பிந்திய காலம். நோயாளி தனித்துத் தவித்த காலம்.

நோய் குற்றமன்று, நாணத்தக்கதும் அன்று. ஊருக்கெல்லாம் பறைசாற்ற வேண்டும் என்பதில்லை. வீட்டில் உள்ளோரிடமும் மருத்துவரிடமுமாவது மனம் திறந்து சொல்லலாம் அல்லவா? இன்று மாலை தேநீர் அருந்தும்போது, நம் பெரியவர்களின் கைகளைச் சற்றே கவனித்துப் பார்ப்போம்.